பதிவின்படி என் வலது கையில் இரண்டு விரல்

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. கூப்பிடுவது நெட்டையன் என்று. வயது முப்பத்தெட்டு. தொழில், பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் ஓட்டுவது. குடியிருப்பு, அதன் பின்கட்டு விடுதி, இரண்டாம் மாடி, ஆறு கட்டில் அறையில் சன்னலோரக் கட்டில். இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆட்களையும் சமூகக் காப்பீட்டில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் முதலாளி இருபது பேரில் பத்துப் பேரைத்தான் பதிந்தார். ஒரு கார்டுக்கு இரண்டு ஆள். கார்டுகள் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். காய்ச்சல் வந்தவன் தன் ஜோடியின் கார்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருவான். என் கார்டில் எனக்கு ஜோடி என் தங்கை கணவன். அவனை இங்கே கூட்டி வந்ததே நான்தான். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்தது என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாதம் பத்தாம் தேதி காலை பத்தரை மணிக்கு மாப்பிள்ளையின் வலது கை இயந்திரத்தில் மாட்டி மூன்று விரல் போயிற்று. முதலாளி என் கார்டை எடுத்துக் கொடுத்து, “உன் பேர்லயே சேர்த்துடு. உங்க ரெண்டு பேரையும் அங்க யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா” என்றார். பதிவில்லாத ஆள் என்றால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அப்படியே சேர்த்தேன்.

அதன் பிறகு காப்பீட்டு அலுவலகம் என் பெயருக்கு எதிரே மூன்று விரல் இழப்பு, இயந்திர வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டது. அதன் பிறகு அங்கிருந்து யாராவது வந்தால் நான் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடங்கில் உட்கார வேண்டும் என்று முதலாளி சொன்னார். இரண்டு தடவை உட்கார்ந்தேன். வெட்கக்கேடு. சென்ற திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் நேரே இயந்திரத்தடிக்கு வந்து, என் அடையாள அட்டையைப் பார்த்து, கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். “அஞ்சும் இருக்கேப்பா, மறுபடி முளைச்சுதா?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு இங்கே கொண்டுவரப்பட்டேன். தனக்கு எதுவும் தெரியாது, ஆட்களே சேர்ந்து செய்த மோசடி என்று முதலாளி எழுதிக் கொடுத்திருப்பதாக அதிகாரி சொன்னார். கார்டை யாருக்குக் கொடுத்தாய் என்று இரண்டு நாளாகக் கேட்டார். நேற்று தங்கையோடு போனில் பேச விட்டார்கள். “அண்ணா, நாளன்னிக்கு அவருக்கு ரெண்டாவது ஆபரேஷன். அது வரைக்கும் வாயைத் திறக்காத” என்றாள். திறக்காமல்தான் இருந்தேன். கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? இன்று காலை என் கைகளை மேசைமேல் வைத்துப் படம் எடுத்தார்கள். என் பெயரில் எந்த ஆஸ்பத்திரியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தேடப்போவதாகச் சொன்னார்கள். அவர்களே கண்டுபிடித்தால் முதலாளி சொன்ன கதைதான் நிற்கும் என்பதால் மாப்பிள்ளை இருக்கும் இடத்தை நானே சொன்னேன்.

ஆபரேஷன் நாளைக் காலை எட்டு மணிக்கு. இந்த வாக்குமூலத்தைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு நாளை மதியத்துக்கு மேல் அனுப்பும்படி அதிகாரியிடம் கேட்டேன். இன்றே அனுப்ப வேண்டும் என்றார். நான் கேட்டதையும் இதில் எழுதச் சொன்னேன், எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. வலது கையால் கையெழுத்திட்டேன்.