பாட்சாவுக்குப் போகும் வயர்

ஞானபூரணம் மேடம், பொன்விழா மலருக்காக நம் கல்லூரியில் உருவான ஒரே ஆசிட் ஜாஸ் குழுவைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். 'வளர்ச்சியும் இசை மாற்றமும்' என்று தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. காலையெல்லாம் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். வயர் சுற்றுவது பார்க்கச் சின்ன வேலைதான். பதினோரு வருஷம் சுற்றினால் தெரியும்.

குழுவின் பெயர் சவுத் கார் ஸ்ட்ரீட் கலெக்டிவ். மைதீன் பாட்சா சாக்ஸபோன், பேச்சிராஜா டிரம்ஸ், ஜெஸ்லின் கீபோர்டு, நான் மிக்ஸர். எனக்குப் பாட்டும் வராது, வாசிப்பும் வராது. வராதவனிடம்தான் மிக்ஸரைக் கொடுப்பார்கள்.

பாட்சா கடையநல்லூர்க்காரன். துபாய் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்த அவன் அண்ணன், அங்கே கலைந்துபோன ஒரு குழுவின் சாக்ஸபோனையும் பாட்டு நிரம்பிய ஒரு பென்டிரைவையும் கொண்டுவந்தார். ஜாஸுக்கு அடியில் காலை ஆட்டவைக்கிற தாளத்தைச் செருகினால் அது ஆசிட் ஜாஸ். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முதல் பேனர் கட்டியபோது ஏட்டையா ஒருவர் வந்து, "ஆசிட்டை எங்கலே வச்சிருக்கீங்க?" என்று எங்கள் ஆம்னி வேனைத் திறந்து பார்த்தார். மற்றபடி வரவேற்புக்குக் குறைவில்லை.

முதல் இரண்டு வருஷம்தான் முதல் காலம். பாட்சா அப்போது மேல் ஸ்தாயியிலேயே நின்று வாசிப்பான். மத்தியான வெயிலில் தகரக் கூரை மின்னுமே, அப்படி ஒரு சத்தம். பனவடலிசத்திரம் கோயில் கொடையில் அவன் வாசிப்புக்குச் சாமியாடிக்குச் சாமி வந்துவிட்டது. சாமி ஆடி முடிக்கும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஏழு நிமிஷப் பாட்டை நாற்பது நிமிஷம் வாசித்தான். நடுவில் மூச்சு வாங்கியபோது கமிட்டித் தலைவர் பொன்னுச்சாமி அண்ணாச்சி, "ஏ தம்பி, குழலை எறக்காத. சாமி இன்னும் மலையேறல" என்று தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகு சுற்றுப்பட்டில் எல்லாக் கொடைக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். மேடையில் பெரிய ஸ்பீக்கர் அலறும்போது வாசிப்பவனுக்குத் தன் வாசிப்பே கேட்காது. அதனால் ஆளுக்கு ஒரு இயர்போன். யாருடைய காதுக்கு என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பது மிக்ஸர்காரன் கையில் இருக்கிறது. லிமிட்டர் என்று ஒன்றும் உண்டு. நாம் எவ்வளவு ஏற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் காதுக்குப் போகாமல் தடுப்பது. "மகாராஜா, கூட்டு வே" என்பார்கள். கூட்டுவேன். பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் வேறு எதையும் கேட்டதில்லை.

மூன்றாம் வருஷம் புரட்டாசியில் பாட்சா டீக்கடைக்கு வெளியே வைத்துச் சொன்னான். "ஒன்கிட்டத்தான் மொதல்ல சொல்லுதேன் மக்கா. பெங்களூர்ல பெரிய பேண்டு ஒண்ணு, தை மாசம் வாசிச்சுக் காட்ட வரச் சொல்லிருக்கான்."

"நல்ல விஷயம்லா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அலுப்பாக இருந்தது. இன்னொரு சாக்ஸபோன்காரனைத் தேட வேண்டும். சங்கரன்கோவிலில் அப்படி ஒருவன் பிறந்து, வளர்ந்து, கற்றுக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் குழு இல்லை. குழு இல்லையென்றால் நான் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை.

அடுத்த கச்சேரியில் பாட்சாவுக்குப் போகும் வயரில் மட்டும் லிமிட்டரை அணைத்தேன். பிறகு சத்தத்துக்கான பட்டனைக் கச்சேரிக்கு ஒரு கோடு ஏற்றினேன். ஒரு கோடு என்பது ஒன்றுமே இல்லை மேடம். உங்களுக்கே தெரியாது, அவனுக்கும் தெரியவில்லை. காது பழகிக்கொண்டே வரும். அந்த மூன்று மாதமும் கல்யாண வரவேற்புகளை விட்டுவிட்டுக் கொடைகளாகப் பார்த்துப் பிடித்தேன். சாமி எப்போது மலையேறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தை மாதம் போனவன் நாலே நாளில் திரும்பினான். "அங்க கீபோர்டு வாசிக்க பொண்ணு மேல் சுதியில சின்னதா மணி மாரி ஒண்ணு அடிச்சாளாம். அதைக் கேட்டுத்தான் நான் எடுக்கணுமாம். எனக்குக் கேக்கவே இல்ல வே" என்றான். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வருஷமே கொச்சியிலிருந்தும் ஒரு அழைப்பு வந்தது.

இரண்டாம் காலம் இப்படித்தான் பிறந்தது. பாட்சா மேலே போவதை விட்டுவிட்டான். தனக்குக் கேட்கிற இடத்தில், கீழே, மெதுவாக, நீளமாக வாசித்தான். இணையப் பத்திரிகை ஒன்று 'முதிர்ச்சி' என்று எழுதியது. 'அவசரத்தைத் துறந்த குழல்' என்றும் எழுதியது. திருவேங்கடத்தில் கச்சேரி முடிந்ததும் ஜெஸ்லின் மட்டும் என்னிடம் வந்தாள்.

"ஏ மகாராஜா, நான் சுதி மாத்துனதே தெரியாம அவன் பாட்டுக்கு வாசிக்கான். என்னன்னு கேளு."

"அது ஸ்டைல்" என்றேன்.

"என்ன எழவு ஸ்டைலோ" என்று கீபோர்டை உறையில் போட்டாள்.

பிறகு பாட்சாவுக்குக் காதில் விசிலடிக்க ஆரம்பித்தது. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பட்டாசு ஆலையில் வேலையா என்று கேட்டாராம். மேல் சத்தங்கள் போனது போனதுதான், வாசிப்பதை நிறுத்தினால் மிச்சமிருப்பது தங்கும் என்றாராம். அன்று ஒத்திகையில் அவன் இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "சந்தேகமெல்லாம் இல்ல. நீ ஒருக்கா போட்டுப் பாரு மக்கா. கூட இருக்கோ?"

போட்டுக்கொண்டேன். காதுக்குள் ஆணி இறங்கியதுபோல இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அசைக்காமல் பத்து எண்ணினேன்.

"இது கம்மியால்லா இருக்கு" என்றேன்.

"அப்போ என் காதுலதான் கோளாறு" என்று வாங்கி மாட்டிக்கொண்டான். "அப்படின்னா இன்னும் கொஞ்சம் கூட்டு வே."

கூட்டினேன். மூன்று நாள் எனக்கும் விசிலடித்தது. அதை நான் யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நடப்பது மூன்றாம் காலம். விமர்சகர்கள் 'ஆரம்பகால வேகத்துக்குத் திரும்புதல்' என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. வெளியே ஸ்பீக்கரில் வருவது முதல் வருஷம் நான் பதிவுசெய்து வைத்திருந்த பாட்சா. மேடையில் வியர்க்க வியர்க்க ஊதுகிற பாட்சாவின் மைக்கை மூடி வைத்திருக்கிறேன். எப்போது தொடங்க வேண்டும் என்று பேச்சிராஜா காலால் மேடையைத் தட்டுவான், பலகையின் அதிர்வில் இவன் தெரிந்துகொள்வான். பேச்சிராஜாவுக்கும் ஜெஸ்லினுக்கும் மட்டும் மைக் விஷயம் தெரியும். நண்பனுக்காக நான் இதைச் செய்வதாக நினைத்து ஜெஸ்லின் ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லிமிட்டர் விஷயம் தெரியாது. இந்த மலர் வந்தால் தெரியும்.

போன வருஷம் பாட்சா, இதோடு விட்டுவிடுகிறேன், இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்கிறேன் என்றான். மகள் ஷிரின் பானுவுக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது, அது கேட்க வேண்டும் என்றான். வருகிற ஆடித்தபசு முடியட்டும் என்று அவனைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அவன் வயரின் பட்டன் கடைசிக் கோட்டில் நிற்கிறது. இனிமேல் ஏற்ற இடமில்லை. அதனால்தான் கொஞ்சம் சோர்வாக இருக்கிறதோ என்னவோ.

ஆக, எங்கள் இசை மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான். மைதீன் பாட்சாவின் காதை நான்தான், தெரிந்தே, கோடு கோடாக எடுத்தேன். பக்கம் போதாவிட்டால் ஏட்டையா பகுதியை நீக்கிக்கொள்ளுங்கள், இதை நீக்க வேண்டாம்.

இன்னும் ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அவன் நேராக என்னிடம்தான் வருகிறான். "நல்லா கேட்டுச்சா மக்கா?" என்கிறான், தேவைக்கு மேல் சத்தமாக. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறேன். முகம் மலர்ந்துபோகிறது. வேனில் ஏற்றி, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருகிறேன். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், மேடம்?