படு அண்ணன், நான் முழிப்பு

— ஏழாயிரத்து இருநூற்றைம்பது. எண்ணிப் பாரு மூர்த்தி. நெல்லு வெட்டு மெசின் கூலிக்கு நீ கடனாத் தந்த காசு. இத உன்ட கையில வச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்.

— முதல்ல இரிங்க பேர்னாட் அண்ணன். விடியமுதல் எங்கட சித்தாண்டி மட்டும் சைக்கிள் மிதிச்சு வந்திரிக்கீங்க.

— இருந்தாக் கண் சொருகும். நேத்துப் பூசையில பாதர் பிரசங்கம் வைக்கக்குள்ள குறட்ட விட்டிட்டனாம். என்ட பெஞ்சாதி செசீலியா இடுப்பில கிள்ளிப்போட்டா. ராவில படுத்தா, கூரையில எத்தன ஓடு எண்டு எண்ணுறன்.

— நல்ல கத. மருந்தெடுக்கல்லையா அண்ணன்?

— போனன் அன்னப்பூரணி. டொக்டர் மருந்து தரல்ல, கேள்விதான் கேட்டார். பொழுதுபட்டாத் தேத்தண்ணி குடிக்கிறீங்களா, பகல்ல படுக்கிறீங்களா, போன் பாக்கிறீங்களா, கால் உளையுதா, யோசனை இரிக்கா எண்டு. தேத்தண்ணிய விட்டன். பகல்ல படுக்கல்ல. போனை மகள்ட கையில குடுத்திட்டன். காலுக்கு எண்ணெயும் பூசினன். மிச்சம் யோசனைதான். யோசனை எண்டா உன்ட புருசன்ட காசு.

— அந்தக் கேள்விய இவருக்கும் கேட்டாத் தேவல. ரெண்டு மாசமா ராவெல்லாம் முத்தத்தில நடக்கார். கேட்டா, வயலில யானைக்குக் காவல் இருந்த பழக்கமாம்.

— நீ சும்மா இரு அன்னம்.

— காவலா? அங்க நான் நல்லாத்தானே படுத்தன். பாதி ரா நீ, பாதி ரா நான். உன்ட காவல் வாடியில இருந்து "படு அண்ணன், நான் முழிப்பு" எண்டு ஒரு சத்தம் போட்டாக் காணும், அடுத்த மூச்சு குறட்டதான். இந்தா, காசப் பிடி.

— வேணாம் அண்ணன்.

— ஏன், கள்ள நோட்டா?

— கடன வெட்டியாச்சு. இனி அந்தப் பேச்சில்ல.

— ஏழாயிரத்து இருநூற்றைம்பத வெட்டுறதுக்கு நீங்க என்ன நூறு ஏக்கர் வயல் வச்சிரிக்கிற போடியாரா? போன கிழமை எனக்கொரு சாறிக்குக் காசில்ல எண்டீங்க.

— அது என்ட கடன் அன்னம், அவர்ட இல்ல. யானை வந்து அண்ணன்ட வயலில அரைவாசியத் திண்டிச்சே, அந்த ரா என்ட முறை. நான் முழிப்பு எண்டு சத்தம் போட்டன். போட்டிட்டு நானும் படுத்திட்டன். யானை விரட்டுற வெடிச் சத்தத்திலதான் எழும்பினன். அதாலதானே அவருக்கு மெசின் கூலிக்கும் நெல்லுப் பத்தாமப் போச்சு. அதுக்கு நானே கடன் குடுத்தன். இப்ப அவரே கொண்டு வந்து நீட்டுறார்.

— ரெண்டு மாசமா நடந்தது இதுக்கா?

— வேற என்னத்துக்கு.

— பேர்னாட் அண்ணன், நீங்க ஏன் சிரிக்கீங்க?

— ஒண்டுமில்ல புள்ள. சரி மூர்த்தி, காசு என்ட மடியிலயே கிடக்கட்டும், கடன் முடிஞ்சிது. அன்னப்பூரணி, தேத்தண்ணி ஒண்டு போடு, இனிப் பயமில்ல. ஆனா நீ வெடிச் சத்தத்தில எழும்பினாய். அந்த வெடியக் கொளுத்தின நான் எதில எழும்பினன் எண்டு கேக்கல்லையே?

— எதில?

— உன்ட குறட்டையில. எழும்பிப் பாத்தா யானை வயலுக்குள்ள. நம்மட வாடி ரெண்டுக்கும் ஒரு வரம்புதானே தூரம். உன்னத் தட்டி எழுப்ப மனம் வரல்ல மூர்த்தி, நானே வெடியக் கொளுத்தினன். அண்டைக்குப் பகல் முழுக்க சேத்துக்குள்ள நிண்டு நீ கட்டினது ஆர்ட வரம்பு? மழையில உடைஞ்ச என்ட வரம்புதானே.