கூரையில் ஒரு பர்மாப் புத்தகம்

— இது உன் நூலகத்துப் புத்தகம்தானே, ஸெர் மூ? மழுப்பாம சொல்லு.

— வாங்க பா லுவேக்கா. ஆமா, நம்ம முத்திரை இருக்கே. எங்க கிடைச்சது?

— எங்க வீட்டுக் கூரை ஓலைக்குள்ள. ஒழுகுதேன்னு கையை விட்டேன், இது வந்து விழுது. எழுத்து நம்ம கரேன் எழுத்து மாதிரியே இருக்கு, வாசிச்சா ஒரு வார்த்தை புரியல. பர்மாப் புத்தகம்!

— பர்மாப் புத்தகம்தான். மாட்டுக்கு வர்ற நோயைப் பத்தினது.

— மாடா? இந்த அகதி முகாம்ல கோழி வளர்க்கவே இடம் இல்ல. கேக்குறேன்ல, யார் எடுத்தது?

— உக்காருங்கக்கா. வெத்தலை போடுறீங்களா?

— வெத்தலை போட வரல. புத்தகம் எடுத்தவங்க பேரெழுதுற நோட்டை எடு.

— நோட்டை யாருக்கும் காட்டுறதில்லக்கா. யார் என்ன படிக்கிறாங்கங்கறது அவங்கவங்க சொந்த விஷயம்.

— போன மாசம் வந்த வெள்ளைக்காரிக்கு மட்டும் காட்டுனியே? பக்கம் பக்கமா போட்டோ எடுத்தா. நான் தண்ணிக் குழாய்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அவங்கதான் நமக்கு இலவசமா புத்தகம் அனுப்புறவங்க. எது ஓடுது, எது ஓடலன்னு பாத்தாங்க. பேரு வரிசையை அட்டை வெச்சு மறைச்சுட்டுத்தான் காட்டினேன்.

— அப்படித்தான் சொல்லுவ. வியாழக்கிழமை எங்களுக்கு நேர்காணல், தெரியும்ல? பதினோரு வருஷம் காத்துக் கிடந்து வந்தது. அது முடிஞ்சா வெளிநாடு. இந்த நேரத்துல எங்க வீட்டு நம்பருக்கு நேரா பர்மாப் புத்தகம்னு இருந்தா என்ன ஆகும்?

— என்ன ஆகும்?

— ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. இங்கிலீஷ் புத்தகம் எடுத்தவங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. பர்மாப் புத்தகம் எடுத்தவங்க ஊருக்குத் திரும்பத் தயார்னு அர்த்தம். ஆத்துக்கு அந்தப் பக்கம், பர்மாவுக்குள்ள, முதல்ல தள்ளுறது அவங்களைத்தான். முகாமே பேசுது.

— முகாம் ஆயிரம் பேசும்.

— மூணாம் பகுதி தையல்காரி இங்கிலீஷ் புத்தகமா எடுத்தா. ரெண்டே மாசத்துல விமானம் ஏறிட்டாளா இல்லையா?

— அவ அண்ணன் அங்க இருந்து கூப்பிட்டுக்கிட்டான்க்கா! இந்தப் பேச்சாலதான் என் இங்கிலீஷ் அலமாரி காலியா கிடக்கு. உங்க வீட்டுலயே நாலு இருக்கு. ஒண்ணையாவது திறந்தீங்களா?

— ஒண்ணு மேல சோத்துப் பானை வெச்சிருக்கேன். பேச்சை மாத்தாத.

— அந்த வெள்ளைக்காரம்மா, ‘உங்க மக்களுக்கு இங்கிலீஷ் மேல என்ன ஆசை!’ன்னு கண் கலங்கிட்டாங்க. அடுத்த வருஷம் இங்கிலீஷ் மட்டும்தான் அனுப்புவாங்களாம். கரேன் கதைப் புத்தகம் கேட்டு வர்ற பிள்ளைங்களுக்கு நான் எதைக் கொடுக்க?

— அது உன் தலைவலி. நோட்டை எடுக்கிறியா, நான் எடுக்கட்டுமா?

— ஐயோ, இழுக்காதீங்கக்கா! கிழிஞ்சிடும்!

— சோ லெர் டூ. என் புருஷன் பேரு, எங்க வீட்டு நம்பர். இங்க மறுபடியும் சோ லெர் டூ. மூணு, நாலு... ஒன்பது தடவை! எல்லாமே பர்மா!

— மெதுவா பேசுங்க. பிள்ளைங்க படிச்சுக்கிட்டிருக்கு.

— என் புருஷனுக்குப் பேரெழுதவே தெரியாது. ரேகை வைக்கிற ஆளு. அவர் ஒன்பது புத்தகம் படிச்சாராக்கும்? யார் காதுல பூ சுத்துற? உன் பர்மா அலமாரி ஓடலன்னு, வாயில்லாத மனுஷன் பேரைப் பொய்யா எழுதி வெச்சிருக்க!

— பொய் இல்ல. செவ்வாய்க்கு செவ்வாய் அவரேதான் வர்றாரு. ரேகையைப் பாருங்க.

— செவ்வாய்க்கிழமை மூங்கில் வெட்டத்தானே போவாரு... கத்தியை வீட்டுலயே விட்டுட்டுப் போறப்பவே எனக்குத் தோணிச்சு. எதுக்கு வர்றாரு? உன் மூஞ்சியைப் பாக்கவா?

— வாய் இருக்குன்னு எதையும் பேசாதீங்க. என்னை மகளேன்னு கூப்பிடுறவரு அவரு.

— சரி, தப்புதான். பயம்டி எனக்கு. எங்கப்பாவைக் கண்ணிவெடி தின்னுச்சு அந்தப் பக்கம். மறுபடி ஓட, அதுவும் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு, என்னால ஆகாது. பெரியவளுக்குப் பதினாறு வயசு, இந்த வேலியைத் தாண்டி ஒண்ணும் பாத்ததில்ல. உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன், இந்தப் பக்கங்களைக் கிழிச்சுக் கொடுத்துடு. அடுப்புல போட்டுடுறேன்.

— கிழிச்சாலும் வர்ற செவ்வாய் வந்து மறுபடி எடுப்பாருக்கா.

— எதுக்கு? அதைச் சொல்லித் தொலையேன்!

— உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு.

— பதினெட்டு வருஷமா அவருக்குச் சோறு போடுறவ நான். எனக்குத் தெரியாம உனக்கென்ன தெரியும்? முதல்ல இதைச் சொல்லு, முகாம் பேசுறது மெய்யா பொய்யா?

— வடிகட்டின பொய். இந்த நோட்டைப் பாத்து யாரையும் எங்கயும் அனுப்புறதில்ல. அவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். அவர் நம்பல.

— நம்பலைன்னா பயந்து ஒதுங்கியிருக்கணும். விஷயம் தெரிஞ்சும் எவனாவது போய் எடுப்பானா?

— ‘வீட்டுல எல்லாரும் வெளிநாடு வெளிநாடுன்னு நிக்கிறாங்க, நான் வரலன்னு சொல்ல எனக்கு வாய் வரல, என் நம்பரைப் பெருசா எழுதும்மா, ஊருக்கு அனுப்புறவங்க கண்ணுல முதல்ல படட்டும்’னு சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் ரேகை வைக்கிறாருக்கா.