நாப்பத்தஞ்சு மெகாபிக்சல் மனுஷன்

ஆன்ட்டியும் வேணாம், மேடமும் வேணாம் தம்பி, அம்மான்னே கூப்பிடுங்க. சந்திரன்தானே உங்க பேரு? சாமராஜநகர்லேருந்து பஸ்ஸுல இடிபட்டு வந்திருக்கீங்க, காபியக் குடிச்சுட்டு அப்புறமா நான் விக்கறேன்னு போட்ட கேமராவைக் குத்தம் சொல்லுங்களேன். அது எங்கயும் ஓடிடாது.

என்ன, எட்டாயிரம் படம்தான் எடுத்திருக்கா? அதுக்கு ஏன் இப்படி முழிக்கறீங்க? எங்க வீட்டுக்காரர் இதுல படமா எடுத்தாரு? பரீட்சைல்ல வச்சாரு! ரயில்வேலேருந்து ரிட்டயர் ஆன கையோட வாங்கினது. ஃபுல் ஃபிரேமு, நாப்பத்தஞ்சு மெகாபிக்சலுன்னு சஷ்டி கவசம் மாதிரி காலைலயும் சாயங்காலமும் சொல்லுவாரு. சரி, வாங்கின மனுஷன் ஒரு பூவை எடுத்தாரா, ஒரு புள்ளைய எடுத்தாரா? செவுத்துல நியூஸ்பேப்பரை ஒட்டி, நாலு மூலைலயும் எழுத்து தெரியுதான்னு ஆறு மாசம் அதையே எடுத்தாரு. இந்த விஜயநகர்ல எந்தக் காம்பவுண்டுல எத்தனை செங்கல்னு கேளுங்க, பளிச்சுன்னு எங்கிட்ட இருக்கு.

ஒரு தசராவுக்கு வெயில்ல நாலு மணி நேரம் நின்னு எடுத்துட்டு வந்தாரு. யானையோட கண் இமையில எத்தனை மயிருன்னு எண்ணிக்கலாம், அவ்வளவு சுத்தம். அது முதுகுல வந்த தங்க அம்பாரி எங்கன்னு கேட்டேன். அது ஃபிரேமுக்குள்ள வரலையாம்! ஊரே அதைப் பாக்கத்தானய்யா போச்சு?

ஹௌதா, நிஜமாவா? நீங்களும் செவுத்தைத்தான் எடுத்துப் பாப்பீங்களா? நல்லாப் போச்சு. கல்யாணத்துக்குப் படம் எடுக்கறவங்களுக்குமா இந்த வியாதி?

ஆளை வச்சுப் பாக்கணும்னா அவருக்கு நான்தான் கிடைச்சேன். அடுப்புல பாலு பொங்கும், உமா வா, ஜன்னலோரமா நில்லு, சிரிக்காத, ஆடாதன்னுவாரு. எடுத்து, பெருசாக்கி, அடடா என்ன டீட்டெயிலுன்னு மெச்சுவாரு. என்னை இல்ல தம்பி, லென்ஸை! உடனே அழிச்சுடுவாரு. டெஸ்ட்டுதானே, எடத்தை அடைக்குமாம். அஞ்சு வருஷம் நின்னிருக்கேன், ஒண்ணு மிஞ்சல.

ஆமா, செவுத்துல மாலையோட இருக்கறது அவர்தான். போன வருஷம் போய்ச் சேந்தாரு. மங்கலா இல்லாம எப்படி இருக்கும்? அது ஆதார் கார்டு படம். எடுக்கறவரு எந்தப் படத்துல இருந்தாரு? அவசரத்துக்கு என் மகன் கிரண் அதையே பெருசாக்கிக் கண்ணாடி போட்டுட்டான். நாப்பத்தஞ்சு மெகாபிக்சல் மனுஷன், வேகவச்ச உருளைக்கிழங்கு மாதிரி தொங்கறாரு. காரியத்துக்கு வந்தவங்கள்ல ரெண்டு பேரு, இது யாருன்னு என்னையே கேட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. இன்னிக்கும் அந்தப் பக்கம் திரும்பினா எரியுது.

என்னது, உள்ள கண்ணாடி வச்ச கேமராவை இப்ப யாரும் வாங்கறதில்லையா? அடேயப்பா, விலையக் குறைக்க எப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கறீங்க! இருக்கட்டும். ஆளை வச்சு ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. வேற யாரு, நான்தான். எனக்கு நிக்கத் தெரியும். ஸ்வல்ப இருங்க, ஒரு நிமிஷம், புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கறேன். வலது கண்ணுல ஃபோகஸ் வைங்க. சிரிக்கலாமா? அவரு விட்டதே இல்ல. ம், எடுங்க.

காட்டுங்க. பெருசாக்குங்க... அட. நல்லாத்தான் இருக்கேன், இல்ல? நரை, சுருக்கம், மூக்குத்திக் கல்லு, ஒண்ணு விடாம அப்படியே நான்தான். ஐயோ, விரல் எங்க போகுது? அழிச்சுடாதீங்க!

விலையெல்லாம் பேச வேணாம் தம்பி. இது விக்கறதுக்கில்ல. கோவிச்சுக்காதீங்க, பஸ் சார்ஜ் நான் குடுத்துடறேன். உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. ஒருத்தன் நான் கண்ணை மூடறப்ப எடுத்தான், இன்னொருத்தன் செவுத்தோட சரி. மூணாவது ஆளு எடுத்த கையோட அழிச்சுட்டான். ஸ்டுடியோவுக்குப் போனா எதுக்கும்மா போட்டோன்னு கேப்பான். பாஸ்போர்ட்டுக்குன்னா சொல்ல முடியும்?

இதை என் ஃபோனுக்கு மாத்தறது எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. கிரணுக்கு அனுப்பி வைக்கணும். திங்கக்கிழமை எனக்கு ஹார்ட் ஆபரேஷன்.