மச்சானை மறிக்காத டீம்

கப்பா? நல்லாக் கேட்டீங்க போங்க சார். மொதல்ல இந்த சீசன் முடியறப்ப கிரவுண்டு இருக்குமான்னு கேளுங்க. நீங்க புது பி.டி. மாஸ்டரா வாரீங்க, வந்ததும் நம்ம புட்பால் கிளப்புக்குக் கோச்சாம். உங்ககிட்ட யாருங்க உண்மையச் சொன்னாங்க? பஸ்ஸு இப்பத்தான் மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டுது. மேல போறதுக்குள்ள நம்ம டீம் லட்சணத்த நானே சொல்லிப்போடறேன். பஸ்ஸு எரைச்சல்ல நான் பேசறது கேக்காதுங்க, கொஞ்சம் காதக் குடுங்க.

இல்லீங்க, எனக்கு வளைவுல எல்லாம் கொமட்டாது. அந்த டீம நெனச்சாத்தான் கொமட்டும்.

ஆமாங்க, நாந்தான் கீப்பர். எனக்கு முன்னால நிக்கிறதுகதான் கருமம். தனபாலுன்னு ஒருத்தன், பார்வேர்டு. எதிராளி கோலுக்குப் பக்கத்துல இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிப்பான். பாஸ் குடுத்தா, உங்களுக்கு நான் என்னடா பாவம் பண்ணுனேங்கற மாதிரி பாப்பான். பிராக்டீஸுக்குக் கூப்பிட்டா மொளகு பறிக்கோணுங்கறான். மொளகெல்லாம் பறிச்சு வித்துத் தின்னு தீத்த மாசத்துலயும் அதேதான் சொன்னான்.

அவன வுடுங்க, சோம்பேறி, வெரட்டுனா ஓடுவான். சின்னராசுன்னு ஒருத்தன் இருக்கறானுங்க, ஸ்டாப்பர், எனக்கு முன்னால நின்னு மறிக்க வேண்டியவன். பலாமரத்தாட்ட ஆளு. பாத்ததும் மயங்கிருவீங்க. மயங்காதீங்க.

போன வருசம் பைனல். பெரக்கரை நாட்டுக்கு நாங்க, அந்தப் பக்கம் குண்டூர் நாடு. எங்க மலையில பல ஊரு சேந்தது ஒரு நாடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. முடியறதுக்குக் கொஞ்ச நேரந்தான். அவங்க பார்வேர்டு அசோக்கு பந்தத் தள்ளிக்கிட்டு வாரான். நடுவுல சின்னராசு மட்டுந்தான். மறிடா, மறிடான்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன். இவன் என்ன பண்ணுனாங்கறீங்க? ஒதுங்கி நின்னு, வாங்க மச்சாங்கறான்! பைனல்ல! தூ.

மச்சானேதாங்க. அசோக்கு தங்கச்சியத்தான் இவன் கட்டியிருக்கறான்.

சிரிக்காதீங்க சார். உங்க ஊர்ல எப்பிடியோ, எங்க ஒத்தையடித் தடத்துல பொண்ணு குடுத்த ஊட்டுக்காரங்க எதிர்ல வந்தா நாமதான் எறங்கி வழி வுடோணும். தலையில பலாப்பழ மூட்டை இருந்தாலும் நாமதான். நேரா நடந்தமுன்னா, இவன் நம்ம புள்ளய நல்லா வெச்சுக்க மாட்டான்னு பேச்சாயிரும். சரி, தடத்துல வுடு, வேண்டாங்கல. கிரவுண்டு தடமாங்க? அதக் கேட்டா, கோலு போனாப் போவுது, எனக்கு ஊட்டுல சோறு வேணுங்கறான்.

அவனாச்சும் பரவால்ல. குழந்தைசாமி, லெப்ட் பேக்கு. அவனுக்கும் பொண்ணெடுத்தது குண்டூருதான். மாமனாரு கோட்டோரமா வந்து உக்காந்துட்டாரு. அவருக்கு முதுகக் காட்டக் கூடாதுன்னு அரை மேட்ச்சு நண்டாட்டப் பக்கவாட்டுலயே ஓடுனான் சார்! கண்ணால பாத்தேன்.

கிரவுண்டா? அது பெருமாயி அக்கா காடுங்க. மரவள்ளி போட்டுட்டிருந்த எடம், பசங்க கேட்டாங்கன்னு வுட்டுக் குடுத்துச்சு. பைனலப் பாத்துட்டு நேரா எங்கிட்டத்தான் வந்துச்சு. ஏங்கண்ணு, ஒதுங்கி நிக்கறதுக்காடா உங்களுக்கு எங்காடுன்னுச்சு. இந்த வருசமும் குண்டூருக்குத் தோத்தா மறு வாரமே கெழங்குக் குச்சி நட்டிருவேன்னு சொல்லிப்போடுச்சு. சொன்னாச் செய்யும். மலையில வேற சமதளம் ஏதுங்க? அப்பறம் டீமாவது மண்ணாவது.

கீப்பரு நானிருக்கறனேங்கறீங்களா? அதத்தான் நானும் நெனச்சேன், குண்டூர்ல சம்பந்தம் வெக்காதவன் ஒருத்தன் கடைசியில நின்னாப் போதும்னு. அன்னிக்குப் பைனல்ல சின்னராசு ஒதுங்குனான்ல, நான் ஒதுங்கலீங்க. அசோக்கு கால்லயே பாஞ்சேன். அவன் மொழங்காலு என் ஒதட்டுல. தையல் போட்ட தழும்பு இதா, பாருங்க. பந்து உள்ள போயிருச்சு, அது வேற. ஆனா பாஞ்சேன். குண்டூர்ச் சனமே எந்திரிச்சு நின்னுச்சுங்க. அதுல ஒரு புள்ள, இத்தன பேருல ஆம்பள இவன் ஒருத்தன்தான்னு சொல்லுச்சாம்.

அதத்தாங்க சொல்ல வாரேன். கீப்பருக்கு வேற ஆளப் பாத்துக்கங்க சார்.

கோவமெல்லாம் இல்லீங்க. கையி நல்லாத்தான் இருக்குது. அந்தப் புள்ள பேரு கோகிலவாணி. அசோக்கோட கடைசித் தங்கச்சி. நேத்துத்தான் வெத்தலை மாத்துனோம், எனக்குத்தான். சின்னராசு இனி எனக்குச் சகலை. பந்தியில பக்கத்துல உக்காந்து, வாங்க சகலைன்னு எனக்குப் பாயாசம் ஊத்தறான், நாயி.

ஆமாங்க, நீங்க கேக்கறது சரிதான். நான் பாஞ்சதப் பாத்துத்தான் கட்டிக்கறேன்னா. நானும் அப்பிடித்தான் தைரியமா இருந்தேன். நேத்துக் கெளம்பறப்ப வாசலுக்கு வந்து நின்னா. ஏனுங்க, இந்த வருசம் எங்கண்ணன் வந்தா, பாத்துக்கங்க, அடி கிடி பட்டிரப் போவுதுன்னா.

நான் சரீன்னுட்டேனுங்க.