பூனைக்குப் பல் பிடுங்கப் போனவள்

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பஸ்ஸில் கண்ணை மூடியிருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண் தன் அக்காவிடம் சொன்னதைக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது.

“நேத்து இவ இடுக்கிய எடுத்துக்கிட்டு பூனைக்குப் பல்லு புடுங்கப் போயிட்டாக்கா!”

‘இவ’ என்பது மடியிலிருந்த ஐந்து வயது மகள். போனில் பல் டாக்டர் கேம் ஆடிக்கொண்டிருந்தாள்.

“இவ அத்தா சவூதியிலேருந்து அனுப்பிச்ச கேமு. பெத்தவருக்குப் புள்ள டாக்டராவணுமாம். ஊசி, ரத்தம்லாம் இந்த வயசுக்குத் தேவையா? வூட்டுக்குப் போனதும் அழிச்சிடுவேன்.”

“அழிக்காதடி. இன்னிக்கி டாக்டருகிட்ட பல்லு காட்டுனப்ப எப்புடிக் கத்துனா? வெளாண்டா பயம் தெளியும்.”

“எங்க தெளிஞ்சிச்சி? நான் முடிவு பண்ணிட்டேன்.”

சிறுமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அம்மா, இதுல பேஷண்டு அழுதா டாக்டரு நிறுத்திடணும். இல்லன்னா தோத்துடுவோம். இன்னிக்கி நான் அழுதேன், அந்த டாக்டரு நிறுத்தவே இல்ல. நீயும் என் கைய அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்த.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அடுத்த வாரம் மறுபடி போறப்ப நிறுத்தச் சொல்லுவியாம்மா?”

“சொல்றேன்.”

“கத்திச் சொல்லணும்.”

“கத்தியே சொல்றேன்டி.”

சிறுமி போனை அம்மாவிடம் நீட்டினாள்.

“அப்புடின்னா கேம அழிச்சுக்க.”