குடிக்காமல் திரும்பிய கிண்ணம்

தங்கை: "யார் மேலயாவது கோபம் இருக்கா?"ன்னு ஞானஸ்நானத்துக்கு முன்னாடி போதகர் என்கிட்ட கேட்டாரே... ஞாபகம் இருக்காக்கா?

அக்கா: மறக்குமா? தொட்டிப் படியில நின்னுக்கிட்டு, "அக்கா மேல இருக்கு, என் ரிப்பனை எடுத்துக்கிட்டா"ன்னு சபை மொத்தமும் கேக்கச் சொன்னே. மானமே போச்சு.

தங்கை: நீ உடனே பின்னலை அவுத்து ரிப்பனைக் குடுத்தே. அப்புறம்தான் நம்ம ரெண்டு பேரையும் தண்ணியில இறக்கினாரு.

அக்கா: சரி சரி... கழுவின திருவிருந்துக் கிண்ணத்தைத் துடை. பேச்சுல கை நிக்குது பாரு.

தங்கை: இந்தத் தட்டுல ரெண்டு கிண்ணம் அப்படியே திரும்பி வந்திருக்கு. திராட்சரசம் குறையவே இல்லை.

அக்கா: ஒண்ணு உன்னோடது. உதட்டுல வெச்சுட்டு எடுத்துட்டே. பார்த்தேன்.

தங்கை: ஜெபத்துல கண்ணை மூடணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?

அக்கா: பேச்சை மாத்தாதே. ரெண்டு வருஷம் தள்ளிவெச்சு, இன்னிக்குத்தான் உன்னைத் திருவிருந்துல சேர்த்திருக்காங்க. இப்போ நீயே வேணாம்னா எப்படிடி?

தங்கை: மனசுல ஒருத்தர் மேல வருத்தத்தை வெச்சுக்கிட்டு எப்படிக்கா குடிக்கிறது...

அக்கா: என் மேலயா?

தங்கை: சபையில இல்லாதவரைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ நேரா போதகர் வீட்டுக்குப் போனே. பந்தியில உட்கார்ந்தவளைக் கையைப் பிடிச்சு எழுப்பிவிட்ட மாதிரி...

அக்கா: அது...

தங்கை: தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுக்கா. அந்த ரிப்பனைக் குடுத்த மாதிரி. இங்கயே, இப்பவே குடிச்சிடுறேன்.

அக்கா: ...உன் நல்லதுக்குத்தாண்டி சொன்னேன்.

தங்கை: சரி... இன்னொரு கிண்ணம் யாரோடது?

அக்கா: யாருக்காவது சர்க்கரை வியாதி இருக்கும். கீழே ஊத்து... துண்டை எதுக்கு மடிச்சு வெக்கிறே? பாதித் தட்டு இன்னும் கிடக்கே... பையை எடுத்துட்டியா? ஏய்... போறேன்னு சொல்லிட்டாவது போடி... கதவையும் சாத்திட்டா... அந்தக் கிண்ணம் என்னோடதுடி. கழுவுறது நான்தானே, யாருக்குத் தெரியும்... உன்னை எழுப்பிவிட்ட நாள்ல இருந்து நானும் குடிக்கலை.